மலை ஏறத் திணறும் ஆம்னி... 45,000 ரூபாயில் இன்ஜின் வேலை பார்க்க முடியுமா?

'எங்களிடம் 2008-ம் வருட மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. 1.60 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. மிளகு, வாழைத்தார், பலாப்பழம் எல்லாம் இதில்தான் சோளக்காடு சந்தைக்கும் நாமக்கல்லுக்கும் போகிறது. கீழே இருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாதி வளைவு தாண்டுவதற்குள் வண்டி திணறுகிறது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. ஒரு மெக்கானிக் ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் பெரிய இன்ஜினாகவே மாற்றிவிடலாம் என்கிறார். மிளகு விற்ற பணத்தில் 45,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். செலவோடு செலவாகக் கொஞ்சம் இழுவையும் கூட்ட முடியுமா? பணத்தைப் போட்டு, பலாப்பழ சீசனில் வண்டி நின்றுவிட்டால் தாங்காது.'

- கொல்லிமலை வாசகர்

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் எடை, ஓட்டுநர், 400 கிலோ மூட்டை எல்லாம் சேர்த்து 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தூரத்துக்கு 8 மீட்டர் உயரும் சரிவில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இதை இழுக்கச் சக்கரத்தில் 13 குதிரைத்திறன் இருந்தால் போதும். ஆம்னியின் 796 சி.சி. இன்ஜின் புதிதாக இருக்கும்போது தருவது சுமார் 35 குதிரைத்திறன். மலை உச்சியில் காற்று அடர்த்தி குறைவதால், 1,200 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும். கியர் பெட்டியில் கொஞ்சம் போகும். அதைக் கழித்தாலும் மிச்சம் நிறையவே இருக்கிறது. அப்படியிருந்தும் வண்டி திணறுகிறது என்றால், அதற்குச் சக்தி போதவில்லை என்று அர்த்தம் இல்லை. இருந்த சக்தி எங்கோ கசிந்து போகிறது. வாசகருக்குத் தேவை புதிய இழுவை இல்லை, பழைய இழுவைதான். 45,000 ரூபாயை எங்கே போடுவது என்பதை இந்த ஒரு விஷயமே தீர்மானித்துவிடும்.

இன்ஜினை இறக்குவதற்கு முன்பு கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்க்கும் வேலை. அரை மணி நேரம்கூட ஆகாது. மூன்று அளவுகளையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும். அளவு சட்டென்று ஏறினால் தேய்ந்திருப்பது ரிங்கும் போரும். ஏறாமல் அப்படியே இருந்தால் வால்வோ, ஹெட் கேஸ்கட்டோ ஒழுகுகிறது.

புகையும் பேசும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயும், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் மட்டும் நீலப் புகை வந்தால், அது பெரும்பாலும் வால்வு சீல். சில நூறு ரூபாய் பொருள். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது விடாமல் நீலப் புகை வந்தால் ரிங், போர். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் கேஸ்கட் போய்விட்டது, அல்லது ஹெட் வளைந்துவிட்டது. வால்வு சீல் மட்டும் போன வண்டிக்கு முழு இன்ஜின் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இன்னொரு இடத்தையும் பார்த்துவிட வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடித்தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மலையில் மழையும் பனியும் அதிகம். ஆம்னியின் தளமும் பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடமும் துருப்பிடித்து உளுத்துப்போயிருந்தால், இன்ஜினுக்குப் பணம் போடுவது வீண். 2008 வண்டி என்பதால் 15 வருடப் பதிவு 2023-ல் முடிந்து, அப்போது ஐந்து வருடம் புதுப்பித்திருப்பார். 2028-ல் மறுபடி புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய கார்களுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் இன்னும் அதிகம். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் இந்த வண்டி எத்தனை வருடம் வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும்.

சரி, தகடு நன்றாக இருக்கிறது, தேய்ந்தது ரிங்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 'ரிங் மட்டும்' போதுமா? போரை அளக்காமல் யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சிலிண்டர் மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி தேய்வதில்லை. ரிங் திரும்பும் மேல்பகுதியில் அதிகமாகவும், கீழே குறைவாகவும் தேயும். போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை அளக்க வேண்டும். இந்த அளவுகளுக்குள் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ரிங் மட்டும் மாற்றுவது ஆறு மாதத்துக் கதைதான். வட்டமாக இல்லாத குழாயில் வட்டமான ரிங் எப்படி உட்காரும்? புகை குறைந்தது போலத் தெரியும். அடுத்த சீசனில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். 1.60 லட்சம் ஓடி, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும் இன்ஜினில் ரிங் மட்டும் போதுமானதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அளவு நன்றாக இருந்தால் மகிழ்ச்சி. அளக்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

போர் அடிக்க வேண்டும் என்று வந்தால், வரிசை முக்கியம். ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் செட்டை முதலில் வாங்கி, அந்த பிஸ்டனையே லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டறைக்காரர் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்த பிஸ்டனுக்கு ஏற்ற இடைவெளி விட்டு, அந்தந்தச் சிலிண்டரைக் கடைசல் பிடிக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி முதலில் போர் அடித்துவிட்டு, பிறகு பிஸ்டன் வாங்கினால், ஒன்று இறுகும், இல்லை தளதளவென்று ஆடும். லாரித் தொழிலால் வளர்ந்த நாமக்கல்லில் இந்த வேலைக்குப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. 'அண்ணா, ஒவ்வொரு சிலிண்டர் அளவும் எழுதிக் குடுத்துருங்க' என்று கேட்டால், நல்ல பட்டறைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அடுத்த பட்டறைக்குப் போய்விடலாம். கடைசல் முடிந்த பிறகு ஹோனிங் கல் போட்டுக் குறுக்கும் மறுக்குமாகக் கோடு விழச் செய்வதும் அவர் வேலைதான். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கும் போர் பார்க்க அழகாக இருக்கும், ரிங் அதில் உட்காராது.

போர் பெரிதானால் சக்தி கூடும் என்று சொல்வார்கள். ஆம்னி சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72. அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போட்டு விட்டத்தை 69 ஆக்கினால், 796 சி.சி. 808 ஆகும். நூற்றுக்கு ஒன்றரை பங்கு. ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

கிராங்க் ஷாஃப்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பேரிங் ஷெல்லை மட்டும் புதிதாகப் போட்டு, தேய்ந்த கிராங்க்கை அப்படியே விட்டால் ஆயில் அழுத்தம் நிற்காது. நான்கைந்து மாதத்தில் தட்டும் சத்தம் வரும். ஜர்னல்களை அளந்து, முட்டை வடிவம் விழுந்திருந்தால் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். ஆயில் பம்பைத் திறந்து பார்க்காமல் இன்ஜினைக் கட்டக் கூடாது. டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், எல்லா ஆயில் சீல்களும் புதிதாகவே இருக்கட்டும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள். மலையில் ஓடும் வண்டியில் அது பாதியாவது தேய்ந்திருக்கும். இப்போது மாற்றினால் பொருள் விலை மட்டும்தான், பிறகு மாற்றினால் கூலி தனி.

'கொஞ்சம் இழுவை கூட்டலாமா' என்று வாசகர் ஆசையோடு கேட்டிருக்கிறார். கூட்டலாம், ஆனால் கடையில் விற்கும் பளபளப்பான சாமானில் அது கிடைக்காது. சிலிண்டர் ஹெட்டில்தான் கிடைக்கும். முதலில் அலுமினிய ஹெட் நேராக இருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை சூடேறி நின்ற வண்டி என்றால் வளைந்திருக்கத்தான் செய்யும். நேராகும் அளவுக்கு மட்டும் சீவினால் போதும். 'இன்னும் கொஞ்சம் சீவினால் கம்ப்ரஷன் ஏறும்' என்பார்கள். 0.3 மில்லிமீட்டர் சீவினால் கம்ப்ரஷன் விகிதம் கால் புள்ளி அளவுக்குத்தான் ஏறும். அதற்காக ஹெட்டை மெலிய வைத்து, அடுத்த முறை சீவ இடமில்லாமல் செய்துகொள்வது லாபமான வேலை இல்லை.

பலன் தருவது வால்வு சீட்டிங். வால்வு உட்காரும் இடத்தை 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணத்தில் வெட்டி, பிறகு லேப்பிங் செய்தால், அடைப்பும் நன்றாக இருக்கும், காற்றும் தடையில்லாமல் உள்ளே போகும். வால்வு கைடு ஆடினால் மாற்றிவிட வேண்டும். ஆடும் கைடில் புது சீல் போட்டால் அது நிற்காது. அடுத்தது மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடம். கேஸ்கட்டை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால், இரண்டு துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் படி மாதிரி நிற்பது தெரியும். அந்தப் படியையும், வார்ப்பில் நிற்கும் பிசிறையும் மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். போர்ட்டைக் குடைந்து பெரிதாக்கினால், அதிவேகத்தில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். மலையேற்றத்துக்குத் தேவையான குறைந்த வேக இழுவை போய்விடும். பந்தயக் காருக்குச் செய்யும் வேலை உரமூட்டை வண்டிக்கு ஆகாது.

செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு. மூன்று பிஸ்டன், மூன்று கனெக்டிங் ராடு, மூன்று பின் என எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்ப்பது. மிளகு வீட்டில் டிஜிட்டல் தராசு இல்லாமல் இருக்காது. கனமான பிஸ்டனை லேசான ராடோடு சேர்த்து, மூன்று ஜோடியும் ஓரிரு கிராம் வித்தியாசத்துக்குள் வருவது போல அமைத்துக்கொண்டால், இன்ஜின் அதிர்வு குறையும். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பிலேயே கொஞ்சம் நடுக்கம் உண்டு. முன்சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கும் ஆம்னியில் அது நேராக உடம்பில் தெரியும்.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், பெரிய சைலன்சர் இரண்டும் வேண்டாம். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிக்குப் பெட்டிக்குள் இருக்கும் ஒரிஜினல் பேப்பர் ஃபில்டர்தான் கவசம். திறந்த ஃபில்டர், சீட்டுக்கடியில் இருக்கும் சூடான காற்றையும் புழுதியையும் சேர்த்து இழுக்கும். புது ரிங்கைத் தூசியில் அரைப்பதற்கு 45,000 ரூபாய் எதற்கு?

ஃபில்டரை விட, குளிர்விக்கும் அமைப்புக்குச் செலவிடுவது புத்திசாலித்தனம். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பு எடுத்து, ஹோஸ் குழாய்கள், தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். 'தெர்மோஸ்டாட்டை எடுத்து வீசிவிட்டால் சூடேறாது' என்ற பழைய யோசனையைக் கேட்காதீர்கள். அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடி, பெட்ரோலையும் குடிக்கும், போரையும் தேய்க்கும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து குழாய் அடைக்கும். ரெடிமேட் கூலன்ட், அல்லது டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் மட்டும்தான். நிரப்பியபின் உள்ளே காற்றுக்குமிழி நிற்காமல் வெளியேற்றுவதை மெக்கானிக்கிடம் நினைவுபடுத்துங்கள்.

இப்போது பங்குகளில் வருகிற 20 சதவிகித எத்தனால் பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறவர்களுக்கு அதில் சந்தோஷம் உண்டு. ஆனால், 2008-ல் செய்த ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இன்ஜின் வெளியே இருக்கும்போதே பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, ஃபியூயல் ஃபில்டரையும் புதிதாகப் போட்டுவிடலாம். டேங்க் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிட வேண்டும். மைலேஜ் லேசாகக் குறைவதை இன்ஜின் வேலையின் குறை என்று நினைத்து மெக்கானிக்கோடு சண்டை போட வேண்டாம்; எத்தனாலில் பெட்ரோலை விட ஆற்றல் குறைவு.

பெரிய இன்ஜின் மாற்றும் யோசனையை விட்டுவிடுவதே நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. இன்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கேள்வி கேட்கும். 2028-ல் புதுப்பிக்கப் போகும்போதும் அதே கேள்வி வரும். ஆம்னியின் பிரேக், கியர் பெட்டி, ஆக்சில் எல்லாம் 35 குதிரைக்குச் செய்தவை. 70 கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு இறங்கும் வண்டியில், ஏற்றத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் பிரேக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். இருக்கும் பிளாக்கையே போர் அடித்துக் கட்டுவதில் இன்ஜின் எண் மாறாது என்பதால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

பணத்தைப் பிரிக்கும் விதம்: கையில் உள்ள 45,000-ல் 8,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இல்லாத பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 37,000. அதில் பாதிக்கு மேல் ஸ்பேர்ஸுக்கும், மீதியை லேத் வேலைக்கும் கழற்றிப் பூட்டும் கூலிக்கும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு இடங்களில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்க வேண்டும். பிரித்து அளந்த பிறகுதான் உண்மையான செலவு தெரியும். அதனால் மெக்கானிக்கிடம் இரண்டு கட்டமாகப் பேசுவது நல்லது. பிரித்து அளக்க ஒரு கூலி, அளவைப் பார்த்து முடிவெடுத்தபின் கட்டுவதற்கு ஒரு கூலி. கிராங்க், பிளாக், ஹெட் மூன்றுமே கைவிட்டுவிட்டால் எஸ்டிமேட் கையை மீறும். அப்போது அந்தக் கட்டத்திலேயே நிறுத்திக்கொண்டு, அந்த 45,000-ஐ அடுத்த வண்டிக்கு முன்பணமாக வைத்துக்கொள்வதில் தோல்வி எதுவும் இல்லை. பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டு வாங்கி வரவும் மறக்க வேண்டாம். என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

கட்டி முடித்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோவதில் கொல்லிமலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம் இருக்கிறது. புது ரிங் போட்ட இன்ஜினுக்கு முதல் 1,000 கிலோமீட்டர் அதிக பாரம் கூடாது. ஆனால், வீட்டுக்குப் போகக் காரவள்ளியிலிருந்து மலை ஏறித்தான் ஆக வேண்டும். முடிந்தால் கீழே உறவினர் வீட்டில் வண்டியை நிறுத்தி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, ராசிபுரம் பக்கமாக ஒரு வாரம் காலியாக ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடக் கூடாது. 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, விடிகாலையில் ஆள் ஒருவர் மட்டும், மூட்டை இல்லாமல், கியரை முன்கூட்டியே குறைத்து மெதுவாக ஏறலாம். வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி இன்ஜினுக்கு மூச்சு விடக் கொடுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து மூன்று வாரம் வேண்டும். மிளகு அறுவடை முடிந்து, பலா வரத்து தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் வேலையைத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

'டிராக்டரின் ஆயில் பாத் ஏர் கிளீனரில், இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலையே ஊற்றலாமா?'

- பெரம்பலூர் வாசகர்

பதில்: வேண்டாம். வடித்த ஆயிலில் ஏற்கெனவே அழுக்கும் கரியும் கலந்திருக்கும். தூசியைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்திருக்கும். புதிய இன்ஜின் ஆயிலை, கிண்ணத்தில் போட்டிருக்கும் கோடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சும். டீசல் இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும் ஆபத்தும் உண்டு. கோடை உழவிலும் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் தினமும் கிண்ணத்தைத் திறந்து பார்த்து, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி மாற்ற வேண்டும். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வெடிப்பு வழியாகப் போகும் தூசி எந்த வடிகட்டியையும் தொடாமல் நேராக லைனருக்குத்தான் போகிறது.